பகிடி என்று விட்டுவிடலாமா?

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி. ஒஸ்லோவின் புறநகர் ஒன்றில் ஒரு தமிழ் வீட்டை எண்ணிப் பார்க்கலாம். பத்து வயதுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடக்கிறான். தாய் ஓமம் அவித்துக் கொடுக்கிறாள். "மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளேல்லைப் போல" என்கிறார் தகப்பன். சென்ற ஞாயிறும் வயிற்றுக்குத்து. அதற்கு முந்திய ஞாயிறும் அப்படியே. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மாத்திரம் அந்த வயிற்றுக்கு ஒன்றும் நேர்வதில்லை. குடும்ப வைத்தியர் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான். பையனுக்கு நோவு தருவது பாடசாலை முற்றம்.

பல நாட் கெஞ்சலுக்குப் பின் பிள்ளை வாயைத் திறக்கிறான். இடைவேளையில் இரண்டு பேர் அவனுடைய தொப்பியைப் பறித்துப் பனிக்குள் எறிகிறார்கள். அவன் குனிந்து எடுக்கும்போது மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நாள்தோறும் இதே கதை. தகப்பன் சற்று யோசித்துவிட்டு, "பகிடிக்குச் செய்திருப்பாங்கள், நீ பெரிசா எடுக்காதை" என்கிறார். "பொறுத்துப் போ ராசா, இது நாங்கள் வந்த நாடு" என்கிறாள் தாய். இரண்டும் அன்போடு சொல்லப்பட்டவை. ஆயினும் அந்த இரண்டு வார்த்தைகளோடு பிள்ளையின் வாய் மறுபடி மூடிக்கொள்கிறது. அடுத்த முறை அவன் சொல்லப்போவதில்லை. சொல்லிப் பயனில்லை என்று அறிந்துகொண்டான்.

புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோர் இந்த இரண்டு வார்த்தைகளையும் மீளாய்வு செய்தல் வேண்டும்.

பகிடியும் வதையும்

யாழ்ப்பாணத் தமிழில் பகிடி ஓர் இனிய சொல். மச்சான்மாருக்கு இடையில் பகிடி உண்டு. கூத்து மேடையில் பகிடி உண்டு. இருவரும் சேர்ந்து சிரித்தால் அது பகிடி. அதே சொல்லின் வாலில் இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டதையும் தமிழர் மறந்துவிடலாகாது. பகிடிவதை என்று அதற்குப் பெயர். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில வந்த தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டே, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கையின் கல்வி நிறுவனங்களில் பகிடிவதை குற்றமாக்கப்பட்டது. பகிடிவதை செய்தவர்கள் எக்காலத்திலும் அதைப் பகிடி என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். பட்டவர்கள் அப்படிச் சொன்னதில்லை.

நோர்வேயில் இதனை மொப்பிங் என்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் விடயத்தில் இச்சொல்லை முதலில் கையாண்டவர் சுவீடனில் வாழ்ந்த பேட்டர் பவுல் ஹைனமன் என்ற வைத்தியர். ஆண்டு 1969. விலங்குகளும் பறவைகளும் கூட்டமாகச் சேர்ந்து ஒன்றைத் தாக்குவதைக் குறிக்க வழங்கிய சொல்லை அவர் பிள்ளைகளின் உலகுக்குக் கொண்டுவந்தார். பகலில் அகப்பட்டுக்கொண்ட ஆந்தையைக் காகங்கள் கூடிக் கொத்தித் துரத்துவதை ஊரில் கண்டவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

அவருக்குப் பின் இத்துறையில் நீண்ட காலம் உழைத்தவர், சுவீடனில் பிறந்து நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டான் ஒல்வேயஸ் என்ற உளவியற் பேராசிரியர். 2020இல் காலமானார். திடீரென்று ஒரு கூட்டம் திரண்டு தாக்குவதைக் காட்டிலும், ஒருவரோ இருவரோ விடாமல் தொடர்ந்து வதைப்பதும் மற்றவர்கள் பார்த்து நிற்பதுமே பெரிதும் நிகழ்கிறது என்று அவர் காட்டினார். வதையை அடையாளங்காண அவர் வகுத்த குறிகள் மூன்று. வேண்டுமென்றே நோகச் செய்தல் ஒன்று. அதையே திரும்பத் திரும்பச் செய்தல் இரண்டு. பட்டவனால் எதிர்த்து நிற்க இயலாதபடி பலத்தில் ஏற்றத்தாழ்வு இருத்தல் மூன்று. சம பலமுள்ள இரு பையன்கள் பந்துக்காக ஒரு நாள் அடிபட்டு மறுநாள் ஒன்றாக விளையாடினால் அது சண்டை. எல்லாச் சண்டையையும் வதை என்று கொள்வது தவறு. எல்லா வதையையும் சண்டை என்று தள்ளிவிடுவது அதனிலும் பெரிய தவறு.

1982ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நோர்வேயின் வடபகுதியில் பத்துக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட வயதுடைய மூன்று பையன்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். சக மாணவரின் கொடுமையே காரணம் என்று கருதப்பட்டது. நாடு அதிர்ந்தது. 1983இல் கல்வி அமைச்சு நாடு தழுவிய ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அப்போது எடுத்த கணக்கின்படி நோர்வேயின் பாடசாலைப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர், வதைபட்டவராகவோ வதைத்தவராகவோ, இதில் அகப்பட்டிருந்தார். பேர்கனில் 42 பாடசாலைகளைச் சேர்ந்த சுமார் 2,500 பிள்ளைகளை ஒல்வேயஸ் தொடர்ந்து கவனித்தார். பெரியவர்கள் விழிப்பாக இருந்து ஒழுங்காகத் தலையிட்டபோது வதை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. இது பிள்ளைகளின் இயல்பு, மாற்ற முடியாது என்ற பேச்சுக்கு அந்த ஊரே பதில் சொல்லிவிட்டது.

அதே 1983இன் ஆடி மாதத்தில்தான் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் கும்பல்களிடம் அகப்பட்டனர். பாடசாலை முற்றத்தை அந்தக் கொடுமையோடு ஒரே தராசில் வைப்பதற்கில்லை. எனினும் அதன் பின் இந்நாட்டை வந்தடைந்தவர்களுக்கு ஒன்று நன்கு தெரியும். அடிப்பவர் சிலர், பார்த்து நிற்பவர் பலர், கதவைத் திறந்து உள்ளே எடுப்பவர் ஒருவர் இருவர். அந்த ஒருவர் இருவராலேயே பலர் உயிர் பிழைத்தனர். பாடசாலை முற்றத்திலும் இம்மூன்று வகையினரே நிற்கிறார்கள்.

எப்படிக் கண்டுகொள்வது?

வதைபடும் பிள்ளை அநேகமாகச் சொல்வதில்லை. வெட்கம் ஒரு காரணம். சொன்னால் இன்னும் கூடும் என்ற பயம் மற்றொன்று. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூன்றாவது காரணமும் உண்டு. இரண்டு வேலை செய்து களைத்து வரும் பெற்றோருக்கு இன்னொரு துன்பத்தைக் கொடுக்கக்கூடாது என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆகவே சொல்லாததைப் பார்த்து அறிதல் வேண்டும்.

கட்டிக் கொடுத்த சாப்பாடு தொடாமல் திரும்பி வருகிறதா? இடியப்பம் வேண்டாம், மற்றப் பிள்ளைகள் கொண்டுவரும் பாணும் சீஸும்தான் வேண்டும் என்று ஒரு நாள் திடீரென்று அடம் பிடிக்கிறதா? ருசி மாறியிருக்கலாம், சாப்பாட்டின் மணத்துக்கு யாரோ மூக்கைப் பொத்தியும் இருக்கலாம். ஒரு மாரியில் மூன்று சோடிக் கையுறைகள் தொலைகின்றனவா? கிட்டிய பாதையை விட்டுச் சுற்றுப் பாதையால் வருகிறதா? வகுப்பில் எல்லோரும் பிறந்தநாளுக்குப் போக, இந்தப் பிள்ளைக்கு மாத்திரம் அழைப்பு வருவதில்லையா? கைத்தொலைபேசி ஒலித்ததும் முகம் வெளிறுகிறதா? பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை காரணமின்றிப் பின்தங்குகிறதா? வீட்டில் தம்பி தங்கையிடம் புதிதாகச் சீறி விழுகிறதா? தமிழில் பேசிக்கொண்டு பாடசாலை வாசலுக்கு வரவேண்டாம் என்று தாயிடம் சொல்கிறதா?

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் விசாரிக்க வேண்டும். அடி மாத்திரம் வதை அன்று. பேசாமல் ஒதுக்கி வைத்தல், பக்கத்தில் இருந்தவுடன் எழும்பிப் போதல், பெயரைத் திரித்துக் கூப்பிடுதல், படம் எடுத்துப் பலருக்கு அனுப்புதல் ஆகியனவும் வதையே. ஒதுக்கி வைத்தலில் தழும்பு இல்லை. அதனாலேயே பெற்றோர் கண்ணில் அது கடைசியாகப் படுகிறது.

"இண்டைக்குப் பள்ளிக்கூடம் எப்படி?" என்று கேட்டால் "நல்லம்" என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும். "இடைவேளையில் ஆரோடு நின்றாய்?" என்று கேட்பது நன்று. தனியே நின்ற பிள்ளைக்கு அக்கேள்வி ஒரு கதவைத் திறக்கும்.

பொறுமை யாருக்கு?

பொறுத்துப் போ என்று சொல்லும் பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் பிரம்பு இருந்த பாடசாலைகளில் படித்தவர்கள். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள். நோர்வேயில் பாடசாலைப் பிரம்பு 1936இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பெற்றோரும் பிள்ளையை அடிக்கலாகாது என்று 1987இல் சட்டம் வந்தது. பிரம்படி வாங்கிப் படித்த தகப்பனுக்குத் தொப்பி பறிப்பது சிறிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று வேலை செய்தவர்கள், இடங்கொடுத்த நாட்டோடு வழக்குப் பேசக் கூசுவதும் இயல்பே.

ஆனால் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். திருவள்ளுவர் பொறையுடைமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பொறுத்தல் என்பது திருப்பிச் செய்யும் வல்லமை உள்ளவன் செய்யாமல் விடுவது. வல்லமை இல்லாத பத்து வயதுப் பிள்ளை தினமும் பனிக்குள் குனிந்து தொப்பியை எடுப்பதற்குப் பொறுமை என்று பெயரிட்டால், அந்த நல்ல சொல்லுக்கே இழுக்கு. இன்னாசெய்யாமை என்றும் ஓர் அதிகாரம் அதே நூலில் உண்டு. இன்னா செய்கிறவனைத் தடுக்க வேண்டிய கடமை பெரியவர்களுடையது. அந்தச் சுமையைப் பொறுமை என்ற பெயரால் பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

"திருப்பி அடி" என்று கற்பிப்போரும் உண்டு. பலம் குறைந்ததால் வதைபடும் பிள்ளைக்கு அது உதவாத ஆலோசனை. ஒருநாள் துணிந்து அடித்தாலும், முப்பது நாள் நடந்ததைக் காணாத ஆசிரியர் அந்த ஓர் அடியை மாத்திரம் காண்பார். தகப்பன் நேரே மற்றப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கத்துவதும், பெயரைக் குறித்து முகநூலில் எழுதுவதும் காரியத்தைக் கெடுக்கும்.

செய்ய வேண்டியவை

நோர்வேயின் சட்டம் பிள்ளையின் பக்கத்தில் மிக உறுதியாக நிற்கிறது. பெற்றோர் பலர் அதை அறியாதிருப்பதே பெரிய நட்டம். 2017 ஆவணி முதலாம் திகதியிலிருந்து நடைமுறையில் உள்ள விதிகள், 2024 ஆவணி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய கல்விச் சட்டத்தின் 12ஆம் அத்தியாயத்தில் தொடர்கின்றன. பாதுகாப்பான, நல்ல பாடசாலைச் சூழல் ஒவ்வொரு மாணவருக்கும் உரிமை. பாடசாலையில் வேலை செய்யும் அனைவரும் கவனித்திருக்க வேண்டும். வதையைக் கண்டால் உடனே தடுக்க வேண்டும். சந்தேகம் எழுந்தாலே அதிபருக்கு அறிவிக்க வேண்டும். பாடசாலை விசாரித்துத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். என்ன செய்யப்போகிறது என்பதை எழுத்தில் ஒரு திட்டமாகத் தர வேண்டும்.

இதில் மிக முக்கியமானது யாதெனில், பிள்ளை தனக்குப் பாதுகாப்பில்லை என்று சொன்னாலே அக்கடமை தொடங்கிவிடுகிறது. சாட்சி கொண்டுவரச் சொல்லிப் பாடசாலை காத்திருக்க முடியாது. "அவனும் கொஞ்சம் கூடத் தொட்டாற்சுருங்கிதான்" என்று ஆசிரியர் சொன்னாலும் கடமை நீங்காது. பாடசாலை வழியிலோ தொலைபேசியிலோ நடந்தது பாடசாலையில் பிள்ளையைப் பாதித்தால் அதுவும் இதில் அடங்கும். வதைப்பவர் ஆசிரியராக இருந்தால் விதிகள் இன்னும் கடுமையானவை.

ஆகவே முதற் காரியம், பிள்ளை சொல்வதை இடைமறியாமல் கேட்டல். நீ என்ன செய்தாய் என்ற கேள்வியை முதலில் கேட்கலாகாது. சொன்னது நல்லது, இது உன் பிழை இல்லை, உனக்குத் தெரியாமல் ஒரு காரியமும் செய்யமாட்டோம் என்ற உறுதியைக் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, எழுதி வைத்தல். நாள், இடம், செய்தவர், கண்டவர் ஆகிய விபரங்களை ஒரு கொப்பியில் குறித்தால் போதும். தொலைபேசியில் வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வகுப்பாசிரியருக்கும் அதிபருக்கும் எழுத்தில் அறிவித்தல். வாய்ச்சொல் காற்றோடு போகும். "என் பிள்ளைக்குப் பாடசாலையில் பாதுகாப்பில்லை, சட்டப்படியான திட்டத்தை எழுத்தில் தருக" என்ற இரண்டு வரி மின்னஞ்சல் போதும். மொழிநடை பிழையாக இருந்தாலும் உரிமை பிழையாகாது.

நான்காவது, கூட்டத்துக்குப் போகும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேட்டல். 2022 தை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டத்தின்படி, சில விதிவிலக்குகள் தவிர, பொது நிறுவனங்கள் பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தலாகாது. வதைபட்ட பிள்ளையே தாய்க்கும் ஆசிரியருக்கும் நடுவில் இருந்து தன் அவமானத்தை இரு மொழிகளில் சொல்ல நேர்வது இன்னொரு வதை. மூத்த சகோதரியை அந்தக் கதிரையில் இருத்துவதும் முறையன்று.

ஐந்தாவது, விடாமல் தொடர்தல். அதிபரிடம் முறையிட்டு ஒரு வாரம் கழிந்தும் பாடசாலை செய்ய வேண்டியதைச் செய்யவில்லையென்றால், அப்பகுதிக்குரிய ஸ்டாட்ஸ்ஃபொர்வால்தர் அலுவலகத்தில் முறையிடலாம். அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை கூற மொப்ப ஒம்புட் என்ற அலுவலரும் மாகாணங்களில் உண்டு. வீட்டில் சொல்லத் தயங்கும் பிள்ளை 116 111 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் பேசலாம். உயிரை வெறுத்த வார்த்தை ஒன்று பிள்ளையின் வாயில் வந்தால், ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

முறையிட்டால் பிள்ளைக்குப் பெயர் கெடும், நன்றி கெட்டவர்கள் என்பார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. 1982இல் இழந்த மூன்று பையன்களும் இந்நாட்டுப் பிள்ளைகளே. இந்நாட்டார் தம் பிள்ளைகளுக்காகவே எழுப்பிய வேலி இது. அதற்குள் தமிழ்ப் பிள்ளைக்கும் இடம் உண்டு. அந்த இடத்தைக் கேட்டுப் பெறுவது நன்றி கெட்ட செயலாகாது. தோல் நிறத்துக்காகவோ திருநீற்றுக்காகவோ வதை நடந்தால் அதை அப்பெயராலேயே சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடிக்காகவோ கட்டைத் தோற்றத்துக்காகவோ நடந்தால் அதையும் உள்ளபடியே சொல்ல வேண்டும்.

பெற்றார் கூட்டங்களையும் டுக்னாட் வேலை நாட்களையும் தவிர்க்காமல் இருப்பதும் ஒரு காவலே. மற்றப் பிள்ளையின் தாயோடு முன்பே கோப்பி குடித்தவளுக்குத் துன்பம் வந்த நாளில் கதைக்க ஒரு வாசல் இருக்கும்.

வீட்டுக் கண்ணாடி

இன்னொரு பக்கமும் உண்டு. ஒருநாள் பாடசாலையிலிருந்து வரும் தொலைபேசி, "உங்கள் மகன்தான் செய்கிறான்" என்று சொல்லலாம். "என்ரை பிள்ளை அப்படிச் செய்யான்" என்று உடனே மறுப்பது தாயன்பாக இருக்கலாம். அந்த மகனுக்கு அது நன்மையாகாது. சத்தமிடாமல், கையோங்காமல், செய்தது பிழை என்று தெளிவாகச் சொல்லிப் பாடசாலையோடு சேர்ந்து திருத்துவதே அவனுக்குச் செய்யும் உதவி.

பிற இனப் பிள்ளைகள் மாத்திரமே வதைப்பவர்கள் என்ற எண்ணமும் மெய்யன்று. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ழகரம் வராத பிள்ளையைச் சுற்றி நின்று சிரிப்பவர் யார்? திருவிழா மண்டபத்தில் "கறுவல்" என்றும் "குண்டன்" என்றும் கூப்பிடுபவர் யார்? எந்த ஊர், என்ன ஆக்கள் என்று பெரியவர்கள் சாப்பாட்டு மேசையில் கதைப்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டதை அவர்கள் விளையாட்டு இடத்தில் பாவிக்கிறார்கள். அங்கே எழுத்துத் திட்டம் கேட்கும் சட்டமும் இல்லை. மொப்ப ஒம்புட்டும் வருவதில்லை. அங்குள்ள பெரியவர்கள்தாம் கண்டு, தடுத்து, சொல்ல வேண்டியவர்கள்.

வதைபடாத, வதைக்காத பிள்ளைகளே எந்த வகுப்பிலும் பெருந்தொகை. அவர்களிடமும் ஒன்று கேட்கலாம். பகிடி பண்ணுகிறவனோடு சேர்ந்து சிரியாதே. தனியே நிற்கிறவனிடம் போய், "வா, எங்களோடு விளையாடு" என்று சொல். ஆசிரியரிடம் போய்ச் சொல்வது கோள் மூட்டுவது ஆகாது. 1983இல் கதவைத் திறந்தவர்களும் கும்பலோடு சண்டைக்குப் போகவில்லை. கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான்.

இனி ஒரு ஞாயிறு இரவு ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால், ஓமத்தண்ணி கொடுக்கலாம். அதில் கெடுதி இல்லை. கோப்பையை வாங்கி வைத்தபின் அந்தத் தாய் கட்டிலில் இருந்து, "நாளைக்கு இடைவேளையில் ஆரோடு நிற்பாய்?" என்று கேட்டு, பதில் வரும் வரைக்கும் எழும்பாமல் இருக்கட்டும்.